ஓனர் மாறிய கிளப்பும் குமரேசனும்

குமரேசன் இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் மாற்றம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். யார் விற்றாலும் யார் வாங்கினாலும் ஆர்.சி. புத்தகம் அவர் மேஜைக்கு வந்துதான் போகும்.

ஒரு நாள் டீக்கடையில் இருவரும் ஒரே மாதிரி கோடு போட்ட பனியனில் நின்றோம். ஏற்றுமதியில் கழித்துவிட்ட எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சரக்கு. அது யாருடைய ஜெர்சி என்று போனில் தேடித்தான் அந்த இத்தாலி ஃபுட்பால் கிளப்பையே பிடித்தோம்; அன்றிலிருந்து இருவரும் அதற்கு ரசிகர்கள்.

இந்த சீசன் பாதியில் பழைய முதலாளி குடும்பம் கிளப்பை விற்றது. வாங்கிய வெளிநாட்டு கம்பெனி சில மாதத்திலேயே இன்னொருவருக்குக் கைமாற்றியது. ரசிகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி பார்க்க மாட்டேன் என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

"ஏனுங்ண்ணா, ஓனர் மாறுனா வண்டி ஓடாதுங்களா?"

"வண்டிக்கு ஆட்சேபணை இல்லைன்னு என்.ஓ.சி. வாங்கறியல்ல? என்கிட்ட எவன் வாங்குனான்?"

"ஃபாரம் அனுப்பச் சொல்றேனுங்க. ரெண்டு போட்டோ எடுத்து வைங்க."

அதற்குப் பிறகும் ஞாயிறு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்வார். நான் கேட்டேனா என்று சீறுவேன். "உங்களுக்குச் சொல்லலீங்க, டீ மாஸ்டருக்குச் சொல்றேன்" என்பார். மாஸ்டருக்குக் கபடி தவிர ஒன்றும் தெரியாது.

போன ஞாயிறு கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூட போதும், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் முதல் டிவிஷனில் தங்கிவிடலாம். ஆனால் ஒரு கோல் பின்னால். அவர் போனை டம்ளரில் சாய்த்து வைத்திருந்தார். நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"கார்னருங்ண்ணா... திரும்பீறாதீங்க! நீங்க பார்க்காததுனாலதான் இவ்வளவு தூரமே வந்திருக்கறோம்!"

திரும்பிவிட்டேன். பந்து உள்ளே போனது.

என் தோளைப் பிடித்து அவர் உலுக்கிய உலுக்கலில் என் டீ முழுக்க வேட்டியில்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!"

"பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுச்சு. அதுக்குத்தான் திரும்புனேன்."

"ஆமாங்க, சத்தந்தானுங்க" என்று சிரித்து, இரண்டு போண்டா சொன்னார். நல்ல சாயங்காலம் அது.

குமரேசா, சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்கத்தான் திரும்பினேன்.

புது ஓனரை மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

போய்ட்டு வாப்பா.