தண்ணிக்காரரும் ஏழாம் எண் இலையும்

அவர் ஒரு சொட்டு மதுவைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் அவரைத் ‘தண்ணிக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். செடி ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர்; அதனால் வந்த பெயர் அது. மகளின் மாமியார் அதை முதல்முறை கேட்டபோது கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

அவருக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் மூக்குப்பொடி. அதையும் பதினோரு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். மனைவிக்கு அதே நிலையத்தின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அதனால் பொடி டப்பா உர மூட்டைகளுக்குப் பின்னால் குடியிருந்தது. காலையில் இரண்டு சிட்டிகை, மத்தியானம் ஒன்று. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேரே செடிக்குப் போவார். வாடின கிளையை நிமிர்த்துவார், பழுத்த இலையைக் கிள்ளுவார். தொடாத செடி கிடையாது.

அந்த வருடம் தக்காளிக்குத் தேமல் நோய் வந்தது. இலைகள் திட்டுத் திட்டாக வெளுத்துச் சுருண்டன. கூடத்தின் பொறுப்பாளரான டாக்டரம்மா விதையை மாற்றினார், மண்ணை மாற்றினார். நோய் மட்டும் மாறவில்லை.

“எல்லாம் இந்த வெள்ளை ஈ பண்ற வேலைம்மா,” என்றார் தண்ணிக்காரர், பொறுப்பாக.

“இந்த வைரஸ் ஈயால வராது. கைபட்டு வர்றது,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் ஒரு புகையிலைச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். கூடத்துக்குள் வந்துபோகும் எட்டுப் பேரும் ஆளுக்கொரு இலையில் விரலைத் தேய்க்க வேண்டும். தண்ணிக்காரருக்கு ஏழாம் எண் இலை. நாலாம் நாள் பார்த்தால் மற்ற ஏழு இலைகளும் பச்சைப் பசேலென்று இருந்தன. ஏழாம் எண்ணில் மட்டும் அம்மை போட்டது போலப் பழுப்புப் புள்ளிகள்.

“பொடி போடுவீங்களா?”

தண்ணிக்காரர் ஆமென்று தலையை ஆட்டினார்.

“புகையிலையோட வந்த வைரஸ். காயவெச்சுப் பொடி பண்ணினாலும் சாகாது. உங்க விரல்ல ஏறித் தக்காளிக்குப் போயிருக்கு.”

“அப்ப இந்தச் செடிக்கும் சீக்குதானே?”

“இல்ல, இது ஜெயிச்சிடுச்சு. வைரஸ் நுழைஞ்ச இடத்தைச் சுத்தி இருக்கற செல்லெல்லாம் தானாவே செத்து வழியை அடைச்சிடும். அதான் இந்தப் புள்ளி. அப்புறம் சாலிசிலிக் அமிலம் சுரந்து மத்த இலைங்களை உஷார் பண்ணும். தலைவலி மாத்திரைக்குப் பங்காளி அது. வைரஸோட மரபுச் சரட்டைத் துண்டு துண்டா நறுக்கற என்சைம்கூட இருக்கு.”

“இத்தனையும் இந்த ஒரு இலைக்குள்ளயா?” என்று வாய் பிளந்தவருக்கு அப்புறம்தான் சுயநினைவு வந்தது. “அம்மா, வேலைய விட்டு வேணா தூக்குங்க. வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் சொல்லல. ஆனா அறிக்கையை அடிக்கப்போறது அவங்கதானே?”

டாக்டரம்மா பெயர் போடவில்லை. ‘மூக்குப்பொடி பழக்கமுள்ள ஊழியர் ஒருவர்’ என்று மட்டும் எழுதினார். அன்று சாயங்காலம் தண்ணிக்காரர் வீட்டுக்குள் பூனைபோல நுழைந்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு அறிக்கை அடிச்சேன்,” என்றார் நிமிராமலே. “‘ஊழியர் ஒருவர்.’ யாரோ என்னமோ.”

“யாரோ... நம்ம காவல்காரரா இருக்கும்.”

“கைக்குட்டை துவைக்கறது நான். நாலு நாள்ல ஒரு இலை கண்டுபிடிச்சதைப் பதினோரு வருஷமா நான் கண்டுபிடிக்கலேன்னு நெனச்சீங்களா?”

“அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?”

“விட்டுட்டேன்னு சொன்னப்ப அவ்வளவு பெருமையாச் சொன்னீங்க. கெடுக்க மனசு வரல.”

தண்ணிக்காரருக்கு நாலு திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் நோய் கண்ட செடிகளையெல்லாம் தானே பிடுங்கி எரித்தார். கூடவே டப்பாவும் போயிற்று. அடுத்த ஒரு மாதம் கடுகடுவென்றுதான் திரிந்தார். ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டால்கூட அதனிடம் சண்டைக்குப் போனார். புதிதாக நட்ட தக்காளி ஒரு திட்டுகூட இல்லாமல் வளர்ந்தது. முதல் பழத்தைப் பறித்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு, தட்டச்சு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.