கையெழுத்துக்குக் காத்திருக்கும் கால்கள்

கூலிக்குப் பந்து உதைக்கிறவன் காலைக் கட்டிப்போடக் கயிறு வேண்டாம். விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். கிளப் செயலாளர் அவர்களே, அதைத்தான் நீங்கள் எனக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள். கடல் தாண்டிப் பிழைக்கப்போன அண்ணன் தம்பிமார்களே, உங்களிடமாவது சொல்கிறேன். உங்களுக்குப் புரியும்.

மூன்று வருடம்

பேரம் நான் படித்தது உத்திரமேரூர் சந்தையில். ஐந்து நாட்டில் ஏழு கிளப் மாறியவன். சீசன் முடிந்தால் 'போய் வா' என்றுவிடுவார்கள். அதனால் மாலத்தீவில் இந்த கிளப் 'ஒரு வருடம்' என்றதும் மேஜையைத் தட்டி எழுந்துவிட்டேன். மூன்று வருடம் எழுதினால்தான் உட்காருவேன் என்றேன். எழுதினார்கள். மீசையை முறுக்கினேன்.

நான்காம் மாதம் கோச் மாறினார். புதியவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆடவும் விடவில்லை, மூன்று வருடம் முடியாமல் போகவும் விடவில்லை. ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டான்: "உன் காலுக்கு நீயே பெரிய பூட்டா கேட்டு, சண்ட போட்டு வாங்கினியேண்ணே!"

நேரலை

அம்சாவைக் கட்டி ஆறு வருடம். சீசனில் நான் அங்கே, லீவில்தான் இங்கே. நான் ஆடி அவள் பார்த்ததே இல்லை. ஒருநாள் எங்கள் ஆட்டத்தை நெட்டில் விட்டார்கள். காவாந்தண்டலத்தில் நடவுக்குப் போயிருந்தவள், சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, கூட நட்ட நாலு பெண்களையும் வரப்பில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள். முடிந்ததும் போன்.

"இன்னாய்யா, பெஞ்சுலருந்து எயுந்து ஓரமா ஓடுற, மறுபடி வந்து குந்திக்கிற! நாளைக்கு ஆடுவாருன்னு இவங்ககிட்ட சொல்லி வச்சிக்கிறேன். சரி, துன்னியா?"

பீரோ

போனை வைத்த கோபத்தில் இரும்பு பீரோவை உதைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. அறைத்தோழன் சாமுவேல், கானாவிலிருந்து வந்த கோல்கீப்பர், காலைத் தன் மடியில் தூக்கிவைத்து ஐஸ் ஒற்றினான். அவன் ஊர் பார்த்து மூன்று வருடம். என்னிடம் கற்ற தமிழில் சொன்னான்: "அண்ணா, பீரோ ஜெயிச்சுது. இனி பந்து மட்டும் உதை."

கொடி

லீவில் வந்தேன். சாலவாக்கம் அணிக்கு ஆடக் கூப்பிட்டார்கள். செயலாளர் அவர்களே, உங்கள் கடிதம் இல்லாமல் வேறெங்கும் பந்தைத் தொட்டால் தடை. வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டிவிட்டு, லைன்ஸ்மேன் வராததால் கோட்டோரம் கொடி பிடித்தேன். எதிரணி மாகறல்.

நான் ஆடப்போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்சா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வெயிலில் கடைசிவரை நின்றாள். எனக்கு அவள் பக்கம் திரும்பவே துணிச்சல் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவளே வந்து என் நெற்றியை முந்தானையால் துடைத்தாள்.

"பரவால்லய்யா, கொடியும் நல்லாத்தான் புடிக்கிற. ஆனா ஒரு தபா, ஒரே ஒரு தபா, நீ ஒதச்சி நான் பாக்கணும்."

செயலாளர் அவர்களே, முட்டி இன்னும் ஒரு சீசன்தான் தாங்கும் என்கிறார் டாக்டர். ஐந்து நாட்டுக்காரன் பார்த்துச் சலித்த கால்களை, கட்டின பெண்டாட்டியும் ஒருமுறை பார்த்துச் சலிக்கட்டும், இப்போதாவது கையெழுத்தைப் போடுங்கள்.