பார்ட் இன்னும் வரல

தேசூரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து அக்கா ஆரணியில் இறங்கியபோது அவள் கையில் ஓர் ஒயர் கூடை இருந்தது. கல்யாணமாகி முதல் தீபாவளி முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணின் கூடையில் பழமோ பலகாரமோ இருக்கும். அக்காவின் கூடையில் கந்தல் துணியில் சுற்றிய ஓர் இரும்புச் சாமான் இருந்தது. எண்ணெய் துணியைத் தாண்டி, கூடையைத் தாண்டி, அவள் கட்டியிருந்த பட்டுப்புடவையின் கொசுவத்தில் கருப்பாகப் படிந்திருந்தது. அது காரின் பெட்ரோல் பம்பு. ஆரணியில் ரிப்பேர் செய்து எடுத்து வரும்படி மாமனார் அனுப்பியிருந்தார். பெரியப்பா கூடையை வாங்கிக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையில் இருந்த கறையைத்தான் பார்த்தார்.

அக்கா அவருடைய ஒரே மகள். பெரியம்மா முன்பே இறந்துவிட்டார். பக்கத்திலிருந்த முள்ளிப்பட்டு கிராமத்து வீட்டுத் தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி மெட்ராஸ் கடைகளுக்குப் போடுவது பெரியப்பாவின் தொழில். அந்தத் தொழிலில் அவர் நடுத்தரமான ஆள். புடவை மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குபவரைக் கடை முதலாளிகள் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோவார்கள். எழுபதுகளின் நடுவில், மெட்ராஸில் ஒரு வக்கீல் குடும்பம் தங்கள் அமெரிக்கக் காரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பாலேட்டு நிறம், படகு மாதிரி நீளம், மூன்று பேர் தாராளமாக உட்காரும் முன்சீட்டு. பெட்ரோல் விலை ஏறி, அப்படிப்பட்ட கார்களை வைத்திருந்தவர்கள் எப்படியாவது தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கார் மலிவாகக் கிடைத்ததற்கு எது காரணமோ அதுவே அதை வாங்கக் கூடாது என்பதற்கும் காரணம். பெரியப்பா முதல் பாதியை மட்டும் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் சொந்தக் காரை ‘பிளசர்’ என்பார்கள். ஒரே வாரத்தில் பெரியப்பா வீடு ‘பிளசர் வூடு’ ஆனது. மெட்ராஸ் கடைகளில் பெஞ்சு போய் நாற்காலி வந்தது, காப்பி வந்தது. அவர் எதிர்பார்த்தது அதுதான். எதிர்பாராதவை ஆரணியில் நடந்தன. கோயில் திருவிழா வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார்கள். கூலி பேச வந்த நெசவாளி ஒருவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, “இது குடிக்கிற பெட்ரோலுக்கு எங்க கூலிய ஏத்தலாமே மொதலாளி. நாங்க இம்மாம் குடிக்க மாட்டோம்” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரிக்க வேண்டியிருந்தது. பஜாரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய் மட்டும் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: “மொதலாளி, மத்த வண்டிய ஒரு தபா வாங்கினா போதும். இத்த தெனம் வாங்கினே இருக்கணும்.”

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் கார் பெரியப்பாவின் கழுத்தைப் பிடித்தது. எங்கள் வசதிக்கு ஏற்ற குடும்பங்கள், பிளசர் வீட்டுப் பெண் நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஒதுங்கின. ஒதுங்காமல் வந்தவர்கள் காரின் நீளத்துக்குச் சீர் கேட்டார்கள். விற்றுத் தொலைக்கலாம் என்றால், பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் காரை விற்பது நொடித்துப்போனதாகத் தமுக்கடிப்பதற்குச் சமம். கல்யாணம் முடிந்தால் விற்கலாம். ஆனால், கார் இருக்கும்வரை கல்யாணம் முடியாது. இரண்டு வருஷங்கள் அவர் இந்த முடிச்சில் கிடந்தார்.

அப்போதுதான் தேசூர் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், நிலக்கடலை வியாபாரம். பணமாக எதுவும் வேண்டாம் என்றார். “அந்த பிளசர பொண்ணோட அனுப்பிடுங்க சம்பந்தி, போதும்.” பெரியப்பாவின் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான் அந்தக் கூடத்தில் இருந்தேன். “வண்டி அவ்ளோ நல்லால்ல சம்பந்தி. ரொம்ப செலவு வைக்கும்” என்று தெளிவாகவே சொன்னார். பெண் வீட்டார் தாங்கள் கொடுப்பதைக் குறைத்துச் சொல்வது மரியாதை. அறுசுவை விருந்து போட்டுவிட்டு ‘ஏதோ கஞ்சி ஊத்தினோம்’ என்பார்கள். மண்டிக்காரர் அதையும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார். “பெரிய மன்சன் பேச்சே தனி” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சினார். பெரியப்பா மறுபடி ஒருமுறை சொன்னார். மரியாதை இன்னும் கூடியது.

கார் தேசூருக்குப் போன பிறகு, அதன் ஒவ்வொரு கோளாறும் அக்காவின் கோளாறானது. வந்தவாசி ரோட்டில் வண்டி நின்றால், வீட்டில் அவளுக்குச் சாப்பாடு தாமதமாகும். ரேடியேட்டர் கொதித்தால் மாமியார் கொதித்தார். “உங்கப்பன் குடுத்தத போய் பாரு, நடு ரோட்ல நிக்கிது” என்பது அந்த வீட்டில் காலை வணக்கம் போல ஆகிவிட்டது. அடித்தார்களா என்று பெரியப்பா கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. பெட்ரோல் பம்புக்குப் பிறகு டைனமோ வந்தது, கார்புரேட்டர் வந்தது. ஒவ்வொன்றையும் அவள்தான் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். பாய் சரி செய்து கொடுக்கும்வரை இரண்டு மூன்று நாட்கள் தங்கிவிட்டுப் போவாள். வரும்போதெல்லாம் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

மூன்றாம் வருஷம் அவள் கொண்டுவந்தது தண்ணீர் பம்பு. வார்ப்பிலேயே விரிசல் விட்டிருந்தது. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வெல்டிங் நிக்காது. லாரி பம்பும் சேராது. இந்த ஜாமான் இனிமே எங்க கெடைக்கும்?” என்று கையை விரித்தார். அக்கா கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். “பம்பு இல்லாம வாசல மிதிக்காதன்னு மாமா சொல்லி அனுப்பினாரு நைனா” என்றாள். பெரியப்பா கூடையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, “சரி. பெரியவங்க சொன்னா கேக்கணும்ல? பம்பு இல்லாம மிதிக்காத” என்றார்.

கல்யாணமான பெண் பிறந்த வீட்டில் தங்குவதற்குக் காரணம் வேண்டும். ஆடி மாதம் ஒரு காரணம், பிரசவம் ஒரு காரணம். ஆரணியில் புதிதாக ஒரு காரணத்தைப் பெரியப்பா கண்டுபிடித்தார். “இன்னா, பொண்ணு இன்னும் ஊருக்குப் போவலயா?” என்று யாராவது கேட்டால், “எங்க போறது? பார்ட் இன்னும் வரல” என்பார். அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. வாழாவெட்டி என்ற சொல்லுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பம்பு நின்றது. நான் அப்போது மெட்ராஸில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் தெருவில் நாலு பேர் காதில் விழும்படி, “புதுப்பேட்டை பழைய சாமான் கடைல பாத்தியாடா?” என்பார். “பாத்துகினுதான் கீறேன் பெரியப்பா” என்பேன். முதல் முறை அவரே என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுத்தது அது: “பாக்கறேன்னு சொல்லு. பாக்காத.”

மாதங்கள் போயின. அக்கா மதியம் வரை தூங்கினாள், பிறகு விடியலில் எழத் தொடங்கினாள். சேவூரில் தோழி வீட்டுக்குப் போய் வந்தாள். அப்பாவும் மகளும் சாப்பிடும்போது சத்தமாகப் பேசிச் சிரிப்பது பக்கத்திலிருந்த எங்கள் வீடு வரை கேட்டது. வளையல்கள் கையில் நின்றன.

நான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தார். அப்பா பேச்சை மீறத் தெரியாதவர், அதைத் தவிர குறை சொல்ல முடியாத மனிதர். தோளில் ஒரு கோணிப்பை. திறந்து காட்டியபோது உள்ளே ஒரு தண்ணீர் பம்பு, கீறல்கூட இல்லாமல் இருந்தது. மெட்ராஸில் தெருத் தெருவாக அலைந்து, ஒரு பழைய கொட்டகையில் கிடந்த இன்னொரு காரிலிருந்து கழற்றி வாங்கியிருந்தார். “கெடச்சிடுச்சி மாமா!” என்றார். கை முழுக்கக் கறை. மனைவி சந்தோஷப்படுவாள் என்று உண்மையாகவே நம்பியிருந்தார். பெரியப்பா, “உக்காருங்க மாப்ள, டிபன் சாப்டலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போனவர் திரும்பி வர நேரமாயிற்று. அக்கா துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். பெரியவர்கள் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. வேறு காரணம் எங்களிடம் இல்லை.

பஸ் புறப்படும் நேரத்தில் பெரியப்பா ஜன்னல் ஓரம் போய் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷமே பெரியப்பா மாரடைப்பில் இறந்தார்.

போன மாதம் தேசூருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது பேரன்கள் இருக்கிறார்கள். மாமனார் மாமியார் காலம் முடிந்துவிட்டது, கணவரும் போய்விட்டார். கார் நின்ற கொட்டகையில் மூன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அன்றைக்கு ஜன்னலில் பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘அடுத்த வாட்டி இன்ஜினையே கழட்டி எடுத்துகினு வந்துடு கண்ணு’ன்னாரு. எனுக்கு சிரிப்ப அடக்க முடில.”

சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“நானும் பாத்துகினே இருந்தேன் தம்பி. தெனம் காலையில அவுரு வண்டிக்கு சாவி போடறப்போ சமையல்கட்ல காத தீட்டிகினு நிப்பேன். இன்னிக்காவது நிக்குமா, இன்னிக்காவது நிக்குமான்னு. அந்த பம்பு போட்டதுலேந்து வண்டிக்கு ஒண்ணும் ஆவல. நைனா போன சேதி வந்துதே, அன்னிக்கு கூட அந்த வண்டிலதான் வந்தோம். தேசூர்லேந்து ஆரணி வரிக்கும், ஒரு எடத்துல நிக்கல.”