மாவு அரைக்கும் ஓய்வு

நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, ஃபேனுக்கு அடியிலேயே வியர்வை. இதயம்தான் என்று பயந்துகொண்டே இன்று தி.நகரில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கணவரும் கூட வந்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாயிருக்கு. மெனோபாஸ் நெருங்குற வயசு, கூடவே ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிக்கிடக்கு. ரெஸ்ட் எடுக்குறீங்களா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எடுப்பேன், டாக்டர்."

"அன்னிக்கு என்ன செய்வீங்க?"

"வாரத்துக்கு மாவு அரைப்பேன். கிரைண்டர்தானே அரைக்குது, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

கடை மாவு என்றாலே முகம் சுளிக்கும் மனிதர், வெளியே வந்ததும், "பாக்கெட் மாவு வாங்கிக்கலாமா?" என்றார்.

இதயம் நன்றாயிருக்கிறது என்றபோதுகூட எனக்கு இவ்வளவு நிம்மதி வரவில்லை.

மேற்கு மாம்பலத்தில் அதிகம் புளிக்காத மாவு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். மாமியார் கேட்டால் மட்டும், நான் அரைத்தது.