சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனவள்

பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பின்சுவரை ஒட்டி, ஆய்வகத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், காவலாளியின் குடும்பத்துக்கென ஓர் அறை இருந்தது. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று பள்ளி மைதானத்தைப் பார்த்துத் திறக்கும். மற்றது பின்பக்கச் சந்துக்குள் திறக்கும். காவலாளி, அவர் மனைவி, பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த மகள், தவழும் வயதில் ஒரு மகன் ஆகிய நால்வரும் பள்ளி திறந்த வாரத்தில் அங்கே குடியேறினார்கள். மனைவி ஒரு தையல் கூடத்துக்காக வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். மகளை வீட்டில் பெரியவள் என்று அழைத்தார்கள். வீட்டுக் கதவில் நின்று பார்த்தால் அவளுடைய வகுப்பறையின் கரும்பலகை தெரியும்.

இருந்தும், மைதானத்தைக் கடந்து அவள் வகுப்புக்குப் போனதே இல்லை. காலையில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு சந்துப் பக்கக் கதவால் வெளியேறுவாள். லாரி கொட்டகையைத் தாண்டி, மூன்றாம் தெருவில் திரும்பி, பெரிய சாலைக்கு வந்து, மற்ற பெண்களோடு பெண்ணாக முன்வாசலில் நுழைவாள். அங்கே காக்கிச் சட்டையில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருப்பார். பள்ளி முழுவதற்கும் அவர் வாட்ச்மேன் அண்ணா. அவளும் மற்றவர்களைப் போலவே, “குட்மார்னிங் அண்ணா” என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், “சீக்கிரம் போம்மா” என்று அவரும் வழிவிடுவார்.

எல்லாம் முதல் நாள் செய்த வேலை. வீடு எங்கே என்று பக்கத்துப் பெஞ்சில் கேட்டார்கள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது: மூன்றாம் தெரு, நீலக் கேட் போட்ட வீடு, மாடி. அன்று காலையில் ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது அவள் கண்ணில் பட்ட வீடு அது. மாடிப்படி நெடுக ரோஜாத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். ஆசிரியர்களுக்கு உண்மை தெரியும். ஆனால் அதை வகுப்பில் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் ஏற்படவில்லை.

நெட்டை என்று எல்லோரும் அழைத்த தோழி அதே தெரு வழியாக வருகிறவள். ஆகவே தினமும் நெட்டை வருவதற்கு முன்பே போய், அப்போதுதான் படியிறங்கி வந்தவளைப் போல நீலக் கேட்டில் சாய்ந்துகொள்ள வேண்டியிருந்தது. நாளடைவில் அந்த வீட்டு நாயும் குரைப்பதை விட்டுவிட்டது. யார் முதலில் வந்தாலும் மற்றவள் வரும்வரை நகரக் கூடாது என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் திட்டுவதைவிடக் கிண்டல் அவருக்கு நன்றாக வரும்.

“அண்ணனும் தங்கச்சியும் கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்பார்.

சின்னஞ்சிறுசு, வயது அப்படி, விடு என்று அப்பா சமாதானம் சொல்வார். அவர் சிரிக்கவும் செய்வார். அந்த நேரத்தில் பெரியவள் தட்டை விட்டுத் தலை நிமிர்த்த மாட்டாள்.

பொதுத்தேர்வின் முதல் நாள் வந்தது. முதல் மணி அடித்ததும் முன்வாசலைப் பூட்டிச் சாவியைத் தேர்வு அதிகாரியின் மேஜையில் வைத்துவிட வேண்டும்; அதன்பின் எவருக்கும் திறக்க முடியாது. இரண்டாம் மணிக்கு வினாத்தாள். அன்று காலையில் அப்பா காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, கூட்டம் நெரியும், இன்று ஒரு நாள் மட்டும் உள்ளாலேயே போய்விடும்மா என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவு சீக்கிரத்தில் மைதானத்தில் பார்க்க யாரும் இல்லை. அவளும் சரியென்று போய், தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாடத்தைப் புரட்டினாள். படிப்பில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

தேர்வு அறையில் தன் இடத்தில் உட்கார்ந்தபோதுதான் முன்னால் இருந்த நெட்டையின் இடம் காலியாக இருப்பதைக் கண்டாள். அவள் நீலக் கேட்டில் நின்றுகொண்டிருப்பாள். சொன்னால் சொன்னபடி நிற்கிறவள்; நகர மாட்டாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. நேரம் போவதைப் பார்த்து அவளே ஓடி வந்துவிட மாட்டாளா? வந்துவிடலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் நெட்டைக்கு ஒரு வருடம் வீண். அதற்கு மேல் அவளைப் படிக்க வைக்க அவள் வீட்டில் ஆளில்லை. பெரியவள் எழுந்து, வெளியே போய்வர ஆசிரியையிடம் அனுமதி கேட்டாள். மைதானத்தில் ஓடி ஒரு கதவால் வீட்டுக்குள் நுழைந்து மறு கதவால் வெளியேறினாள். நூலைப் பல்லில் கடித்திருந்த அம்மாவால் என்னவென்று கேட்க முடியவில்லை.

நீலக் கேட்டில் நெட்டை அந்த வீட்டுக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தாள்.

“மாடியில யாரும் குடியில்லம்மா. துணிதான் காயப்போடுறோம்.”

“தினமும் இங்கேருந்துதான் சார் வர்றா.”

பெரியவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையை எட்டும்போது முதல் மணி கேட்டது. நெட்டையின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

“போச்சு. கேட்டைப் பூட்டியிருப்பாங்க.”

“இப்படி வா.”

“அது முட்டுச்சந்துடி.”

“இல்ல. எங்க வீடு.”

கொடியில் மாற்றுக் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பொத்தான் தைக்க வேண்டிய சட்டைகள் ஒரு குவியல். அதன்மேல் தம்பி படுத்திருந்தான். அம்மா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு மைதானப் பக்கக் கதவை விரியத் திறந்தார்.

“செருப்போடவே ஓடுங்கடி.”

இரண்டாம் மணி அடித்தபோது இருவரும் தங்கள் இடத்தில் இருந்தார்கள்.

தேர்வு முடிந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றபோது நெட்டை கேட்டாள்.

“வாட்ச்மேன் அண்ணா உனக்கு என்ன வேணும்?”

“அப்பா.”

“அடிப்பாவி. பெத்த அப்பாவையா வருஷம் முழுக்க அண்ணான்னு கூப்பிட்ட?”

பெரியவள் தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

“காயப்போட்ட துணிக்கு நான் ஒரு வருஷமா காவல் நின்னிருக்கேன்.”

சொன்னதில் சிரிப்பு இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்று அவள் தனியாகவே வீட்டுக்குப் போனாள். இனி அவ்வளவுதான் என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள்.

அடுத்த தேர்வன்று காலையில் சந்துப் பக்கக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நெட்டை. உள்ளே வரச் சொல்வதற்குக் காத்திருக்காமல் வந்து உட்கார்ந்து, தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். அன்று உள்ளாலேயே போயிருக்கலாம். பெரியவள்தான் முன்வாசல் வழியாகப் போவோம் என்றாள். வாசலில் நல்ல கூட்டம்.

“போயிட்டு வரேன்பா.”

பக்கத்தில் வந்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார்: ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாயா? ஆனால் கையில் பிடித்திருந்த சாவியைச் சட்டைப் பையில் தேடினார்.

இருவரும் தேறினார்கள். பெரியவள் தட்டச்சு கற்று மின்சார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நெட்டை மணமாகி வேறு ஊருக்குப் போனாள். பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் சந்துக் கதவைத்தான் தட்டினாள். காவலாளி அந்த வாசலில் மொத்தம் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார்.