சிட்டம் பிடிக்க ஒரு ஆள்

எங்கள் ஊர் வெயிலில் உல்லன் நூலுக்கென்று ஒரு கடை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. அவர்களை நம்பித்தான் திறந்தார்கள். முதல் தடவை நான் அங்கே போனபோது கூட வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, "அடுத்து இங்க ஹீட்டர் கடை வைப்பாங்க, பாரு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே வந்து எனக்கு முன்னால் நிறம் பொறுக்க ஆரம்பித்தார்.

அந்தக் கடையில் நல்ல நூல் பந்தாக வராது, சிட்டமாகத்தான் வரும். பெரிய வளையமாகச் சுற்றி முறுக்கி வைத்திருப்பார்கள். அப்படியே எடுத்துப் பின்ன ஆரம்பித்தால் சிக்கு விழுந்து உயிரை எடுத்துவிடும். ஒருவர் அதை இரண்டு கைகளிலும் மாட்டி விரித்துப் பிடிக்க, இன்னொருவர் நூலை இழுத்துப் பந்தாகச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பிடிக்கிறவர் அவர். கலெக்டர் ஆபீஸில் அத்தனை பேரை விரட்டி வேலை வாங்கிய மனிதர், போலீசில் பிடிபட்டவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். நூல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் மணிக்கட்டைச் சாய்த்துக் கொடுப்பார். செய்தி சூடுபிடித்தால் கை தாழ்ந்துவிடும். "கையைத் தூக்குங்க" என்பேன். கண்ணை எடுக்காமலே தூக்குவார்.

அவர் போன பிறகு ஒரே ஒரு சிட்டம் வாங்கினேன். மயில் கழுத்து நிறம். கண்ணில் பட்டதும் கை தானாக எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் இதை யார் பிடிப்பது என்று தோன்றியது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கப் புது வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் முகம் பழகுவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. யார் வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் கையை நீட்டுங்கள் என்று கேட்பது? மகள் பூனாவில் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னால் பதறிப்போய் டிக்கெட் போடுவாள், இல்லை சிரிப்பாள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அப்போதுதான் கடைக்காரப் பெண்ணிடமிருந்து வாட்ஸப் வந்தது. பின்னலைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு பெண்மணி சென்னையிலிருந்து வருகிறாராம். பேசுவார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். எனக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது: தனி ஆள் சிட்டத்தைப் பந்தாக்குவது எப்படி? கடைக்காரப் பெண்ணிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகும். அந்த முகத்தை ஊரெல்லாம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முன்பின் தெரியாதவர் என்றால் வெறும் நூல் சந்தேகமாகக் கேட்டுவிடலாம்.

அலமாரிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நாலைந்து வெள்ளைக்காரப் பெண்கள் தரையில் சம்மணம் போட்டு, கேட்டுக்கொண்டே பின்னினார்கள். நான் பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்தேன். பிறகு நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுத்தாளர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் பேச்சு முழுக்கத் தனிமையின் புகழ். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று எந்நேரமும் கூப்பாடாம். நூலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால்தான் உயிர் வருமாம். "பின்ன உட்கார்ந்துட்டா எனக்கு ஒருத்தரும் வேணாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. கீழே நாலு பேர் தேடிக்கொண்டிருக்கும்போது மாடியில் ஒளிந்துகொள்வதற்குப் பெயர் தனிமையா? கேள்வி நேரத்தில் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு புத்தகத்தோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

இந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்கிறவர் கோயில் குருக்கள் ஒருவர்தான். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு கேட்பார். கட்டியவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதும் அந்த ஒரு இடத்தில்தான். மற்றபடி 'என்னங்க'விலேயே காலம் ஓடிவிட்டது. போனவர் பேருக்கு அர்ச்சனை கிடையாது. அதனால் இப்போதெல்லாம் குருக்கள் கேட்பதற்கு முன்பே, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முந்திக்கொள்ள முடியவில்லை. கேள்வி வந்ததும் பழைய பதில் வந்துவிட்டது. அவர் பெயர், திருவோண நட்சத்திரம், மகர ராசி.

எழுத்தாளர் சிரித்துவிட்டார். "நட்சத்திரமும் எழுதணுமா?"

"வேணாங்க. பேரு போதும்."

பக்கத்தில் புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கட்டுக்கே குனிந்துகொண்டாள். அதற்கு அவளுக்குக் கோடி புண்ணியம்.

"உங்க வீட்டுக்காரரா? அவரும் பின்னுவாரா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"இல்லங்க. சிட்டம் பிடிப்பாரு."

"குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்ல கூப்பிட்டா ஒருத்தரும் எழுந்து வர்றதில்ல. நாற்காலி முதுகுல மாட்டிட்டு நானேதான் சுத்திக்கிறேன்."

அவ்வளவுதான். கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. அவர் மீதிருந்த கோபமும் போன இடம் தெரியவில்லை.

ஷேர் ஆட்டோவில் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயர் போட்டு, 'அவர்களுக்கு அன்புடன். இன்னும் பல சிட்டங்கள் பிடிக்க வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவரை இன்றைக்கும் ஒருவர் வாழ்த்தியிருக்கிறார் என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு மயில் கழுத்து நூலை எடுத்தேன். டிவிக்கு எதிரே அவர் உட்காரும் மர நாற்காலியின் முதுகில் சிட்டத்தை விரித்து மாட்டினேன். எதிரில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன். நன்றாகவே வந்தது. பந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தபோது சிட்டம் ஒரு பக்கம் சரிந்து நூல் இறுகியது.

"கையைத் தூக்குங்க" என்றேன்.

சொல்லிவிட்டு, தூக்கட்டும் என்று நூலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.