தூங்கிக் காட்டும் வேலை

மெத்தைக் கடையில் அவனுக்கு ஒரே வேலைதான்: வருகிறவர்கள் முன்னால் மெத்தையில் படுத்துக் காட்டுவது. படுத்த மூன்றாம் நொடி குறட்டை கிளம்பும். எதிர்க்கடை ஷட்டர் வரைக்கும் அதிரும். படுத்தால் இப்படியல்லவா தூங்க வேண்டும் என்று ஜனம் வாங்கிக்கொண்டு போகும். கடையில் அவனுக்குப் பேரே கொட்டாவி.

அந்தத் தூக்கத்தின் சூட்சுமம் மெத்தையில் இல்லை. தொப்பையைக் கரைக்கிறேன் என்று, கடை சாத்தி வீட்டுக்கு வந்து, ராத்திரி பத்து மணிக்குத்தான் கயிறு தாண்டுவான். அப்புறம் படுத்தால் உடம்பு கொதிக்கும், நெஞ்சு தடதடக்கும். விடிய விடியக் கூரைப் பல்லியோடு முறைத்துக்கொண்டு கிடப்பான். ராத்திரி வராத தூக்கம் பகலில் கடைக்கே தேடி வரும்.

கீழ்வீட்டில் விளக்கு ஆடுகிறதென்று புகார் வந்ததும் மனைவி கயிற்றைப் பிடுங்கினாள்.

"குதிக்கிறதுன்னா காலையில குதிங்க. ராத்திரியில பேய்கூட இவ்வளவு குதிக்காது."

காலை ஆறுக்கு மாற்றினான். ஒரே வாரம். ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். முகத்தில் பத்து வயது குறைந்தது. ஆனால் கடை மெத்தையில் படுத்தால் கண் பல்பு மாதிரி எரிந்தது. பொய்க் குறட்டை விட்டுப் பார்த்தான். வந்தவர் மூச்சுத்திணறலா என்று பதறி, தண்ணீர் கொடுத்து, மெத்தை வாங்காமல் போனார்.

பத்து நாளாக ஒரு மெத்தைகூட நகரவில்லை. முதலாளி கூப்பிட்டார்.

"பழையபடி ராத்திரியே குதிச்சுத் தொலைடா. நீ வீட்டுல நல்லாத் தூங்கினா என் கடை படுத்துடும். திங்கக்கிழமையும் முழிச்சிட்டுக் கிடந்தா, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வீட்டில் வந்து சொன்னான். வேலை வேணுமா தூக்கம் வேணுமா என்று மனைவி கேட்டாள். இரண்டும் என்றான். அவள் கயிற்றை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள்.

திங்கட்கிழமை ஒரு கணவன் மனைவி வந்து நின்றார்கள். கொட்டாவி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தான். வியாபாரக் கவலையில் பத்து ராத்திரியாகக் கண் மூடாத முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுடா. எப்படிப் படுக்கணும்னு நான் காட்டறேன்."

தலை வைத்ததுதான் தெரியும். கிளம்பிய குறட்டையில் சுவர்க்கடிகாரமே ஒரு நிமிஷம் தயங்கியது. வந்தவர்கள் இரண்டு மெத்தையாக வாங்கினார்கள். தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு மூன்றாம் மாடியில் போட்டுவிட்டு வந்தவன் கொட்டாவிதான். அன்றிலிருந்து மெத்தை சுமப்பதே அவன் வேலை; படுத்துக் காட்டுவது முதலாளி. மாடி ஏறி இறங்கியே தொப்பை கரைகிறது, ராத்திரி தூக்கமும் சொக்குகிறது.

அரிசி டின்னிலிருந்த கயிறு இப்போது முதலாளி வீட்டில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தவறாமல் தாண்டுகிறாராம்.